ராஜா துணியை வெளுத்தவர் மகனுக்கு என்ன பெயர்?

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வரலாறு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், எடப்பாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வேன்களும் பைக்குகளும் சங்ககிரி மலைக்கோட்டையை நோக்கிப் போகும். 1805இல் தீரன் சின்னமலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்ட இடம் அது. கம்பெனியை எதிர்த்து நின்ற ஒருவரை நினைவுகூர்வதில் நமக்கென்ன மறுப்பு இருக்கப்போகிறது? ஆனால் வழியில் நிற்கும் ஃபிளெக்ஸ் பேனர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குதிரை, வாள், முறுக்கிய மீசை. கீழே வரிசையாக உள்ளூர்ப் பிரமுகர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், அதற்கும் கீழே சாதிச் சங்கத்தின் பெயர். ‘ஆண்ட பரம்பரை’ என்ற சொற்கள் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். கம்பெனி மட்டும் எங்கேயும் இருக்காது.

2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் குற்றவாளி நடத்திவந்த பேரவைக்கு வைத்திருந்த பெயர் தீரன் சின்னமலையுடையது. இறந்து 210 ஆண்டுகள் ஆன ஒருவரின் பெயர் இப்படியும் பயன்படும்.

இதையெல்லாம் பெரியவர்களுக்கான அரசியலாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த பேனரை எட்டு வயதுப் பிள்ளையும் பள்ளிக்கூட வேனில் இருந்து பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் வரலாறு தொடங்குவதற்கு முன்பே பேனரில் தொடங்கிவிடுகிறது. ‘இவர் எங்காளு’ என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் அதே நிமிடத்தில், பக்கத்து சீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை ‘நம்மாளு யாரும் இல்லை’ என்பதைக் கற்றுக்கொள்கிறது. கையில் கலர் கயிறு ஏறுவது இதற்குப் பிறகுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதும், அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் உங்களுக்குத் தெரியும். கயிற்றுக்குத் தடை கேட்டது அந்த அறிக்கை. கேட்க வேண்டியதுதான். ஆனால் கயிற்றுக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைக்கு மாற்றுக் கதை யார் எழுதுவது?

இந்தக் கேள்வியோடுதான் சுபத்ரா சென்குப்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நம் இயக்கத்துக்காரர் அல்ல அவர். தலித் எழுத்தாளரும் அல்ல. 1952இல் பிறந்து டெல்லியில் வாழ்ந்த வங்காளி, ஆங்கிலத்தில் எழுதியவர். வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதும் வேலை பார்த்தார். சோப்புக்கும் பற்பசைக்கும் எழுதும் துறைதான், ஆனால் சுருக்கமாகவும் சலிப்பில்லாமலும் எழுதும் பழக்கம் அங்கே படிந்துவிடும் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்காக 40க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அதில் பெரும்பகுதி வரலாறு, வரலாற்றுப் புனைவு. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் அவருக்குக் கிடைத்தது. 2021 மே மாதம், ஆக்சிஜனுக்காக டெல்லி அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், கொரோனாவில் இறந்தார். அந்த மாதம் நாம் எண்ணிக்கொண்டிருந்த சாவுகளுக்கு நடுவே இது யார் கண்ணிலும் படவில்லை.

அவர் எழுதிய ஒரு சின்னக் கதைப் புத்தகத்தின் நாயகன் பெயர் பிஷ்ணு. அக்பர் காலத்துப் பையன், துணி வெளுப்பவர் மகன். அவனுக்குப் பாட வேண்டும் என்று ஆசை. தான்சேன் பாடிக்கொண்டிருக்கும் காலத்தில், துணி அடித்துத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பையனுக்கு வரும் ஆசை. அக்பர் கதை என்றால் அக்பரும் பீர்பாலும்தான் என்று வளர்ந்தவர்கள் நாம். அக்பரின் சட்டை அழுக்காகும், அதை யாரோ வெளுப்பார், அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும், அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும் என்பது கதை எழுதும் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே. அவருக்குத் தோன்றியது.

நம் மொழியில் சிறுவர் வரலாற்றுக் கதை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1947 முதல் தமிழில் வந்த அம்புலிமாமாவில் ராஜாவும் மந்திரியும் இல்லாத இதழ் கிடைக்குமா? கல்கியின் பொன்னியின் செல்வனைச் சிறுவர்களுக்காகச் சுருக்கியும் படக்கதையாக்கியும் இன்றுவரை விற்கிறார்கள். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி அற்புதமான உழைப்பாளி. அறிவியலும் சாகசமும் தந்து இரண்டு தலைமுறையை வாசிக்க வைத்தவர். நானும் அவரைப் படித்து வளர்ந்தவள்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த உலகத்தில் சேவகன் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பான். அவன் வீட்டுக்குப் போவதே கிடையாது.

சுபத்ரா அவனோடு வீட்டுக்குப் போனார். அவருடைய தனித்தன்மையே அதுதான். ‘லெட்ஸ் கோ டைம் டிராவலிங்’ என்ற புத்தகம் 2012இல் வந்தது. எந்த ராஜா எந்த ஆண்டு யாரைத் தோற்கடித்தார் என்பதை விட்டுவிட்டு, அந்தக் காலத்து மக்கள் என்ன தின்றார்கள், என்ன உடுத்தினார்கள், பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று போகும். போர்த்துக்கீசியர் கொண்டுவரும் வரை இந்த மண்ணில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது என்பது பெரியவர்களுக்கே அதிர்ச்சி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் மரவள்ளிக்கு மாற்றிச் சொல்வேன். ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் காடு முழுக்க நிற்கிறதே மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலையில் ஜவ்வரிசி ஆகிறதே, அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ராஜராஜ சோழன் நம் ஊர் ஜவ்வரிசிப் பாயசம் குடித்திருக்கவே முடியாது. ராஜாவை ஒரு நொடியில் கீழே இறக்குவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தபோது, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அருந்ததியர் தெரு ஒன்றில் மாலை வகுப்பு நடத்தினேன். பாடம் முடிந்த பிறகு கதை. பிஷ்ணுவின் கதையை என் தமிழில் சொன்னேன். துணி வெளுக்கிற பையன், பாடுகிறான், அரண்மனை என்று சொல்லிக்கொண்டு போகையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடையில் கேட்டாள்: “ஏங்க்கா, அவன் அரமனைக்குள்ள எந்த வாசல்ல போவான்? முன்னாடியா, பொடக்காளி வழியாவா?”

பொடக்காளி என்றால் எங்கள் ஊரில் வீட்டின் பின்பக்கம். அவள் அம்மா தோட்டத்து வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர். எந்த வழியாகப் போவது என்பது அவள் வீட்டில் தினசரி விஷயம். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்த ஒரு பையன் சொன்னான்: “ராசா வீட்டுக்கு பொடக்காளி இருக்குமாடி?” பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் அவனே என்னைக் கேட்டான்: “அப்ப, நம்ம ஊர்ல ராசா இருந்தப்போ நம்மாளுங்க எல்லாம் என்னக்கா பண்ணிட்டு இருந்தாங்க?”

இந்தக் கேள்விக்குக் கையில் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்கவில்லை. கட்டுரைகள் இருந்தன. ஆய்வு நூல்கள் இருந்தன. பத்து வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய, அதன் வயதுப் பிள்ளை ஒன்று நடமாடும் கதை இருக்கவில்லை.

வாசல் பற்றிய அந்தப் பெண்ணின் கேள்வி சுபத்ராவின் எல்லையையும் எனக்குக் காட்டியது. அவர் மனிதர்களை நேசித்து எழுதியவர். ஆனால் துணி வெளுப்பது அவர் கதையுலகில் ஓர் எளிய வீட்டின் தொழில், ஏழ்மையின் அடையாளம். நமக்கு அது எந்தப் படித்துறை, எந்த வாசல், எத்தனை அடி தூரம் என்ற கணக்கு. தலித்துகளின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைத்திருந்த நாடு இது. இமையம் ‘கோவேறு கழுதைகள்’ எழுதிய பிறகுதான் அந்த வாழ்க்கை தமிழ் நாவலுக்குள் வந்தது, அதுவும் பெரியவர்களுக்கான நாவலுக்குள். ஆசையும் திறமையும் இருந்தால் ஒரு பையன் பாடகனாகலாம் என்ற நம்பிக்கை அழகானதுதான். அவனைத் தடுத்தது என்ன என்று பெயர் சொல்லாவிட்டால் அந்த நம்பிக்கை பாதியில் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. பதிப்பகங்களின் சந்தை சுபத்ராவையும் விட்டுவைக்கவில்லை. ஜஹானாராவின் பதின்பருவ நாட்குறிப்பு, ஜோதா பாயின் நாட்குறிப்பு என்று இளவரசிகளும் அவர் கையிலிருந்து வந்தார்கள். பெண்பிள்ளையின் குரலில் அந்தப்புரத்தைக் காட்டினார் என்பது உண்மை. அந்தப்புரத்தைப் பெருக்கியவளின் நாட்குறிப்பை நான் கேட்பேன். எழுதத் தெரியாதவளுக்கு நாட்குறிப்பு ஏது என்றால், புனைவு என்ற ஒன்று அதற்குத்தானே இருக்கிறது.

இந்தக் குறைகளைச் சொன்னபிறகும் அவரை நான் விடமாட்டேன். காரணம், அவர் எழுதிய கடைசிப் புத்தகங்களில் ஒன்று இந்திய அரசியலமைப்பைக் குழந்தைகளுக்குச் சொல்வது. 2020இல் வந்தது, அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக ஷாஹீன் பாக் பெண்கள் சாலையில் உட்கார்ந்து அரசியலமைப்பின் முகப்புரையை வாசித்த குளிர்காலத்தில் தொடங்கிய ஆண்டு அது. ராஜா கதைகளின் நாட்டில் வாழ்நாள் முழுக்கச் சிறுவர் வரலாறு எழுதிய ஒருவர், ராஜா இல்லாத நாட்டின் சட்டப் புத்தகத்தில் வந்து நின்றார். மறுபக்கம், அவருடைய பிஷ்ணு வாழ்ந்த காலத்தையே பாடப்புத்தகத்திலிருந்து நீக்கும் வேலை நடக்கிறது. என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை எடுத்தது. 2025இல் வந்த புதிய ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் முகலாயரும் டெல்லி சுல்தான்களும் இல்லை. அக்பரை எடுத்தால் அக்பர் துணியை வெளுத்தவரும் சேர்ந்தே போய்விடுகிறார். அவரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சாதியையும் நிறவெறியையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, பயந்துவிடுவார்களே என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு மில்ட்ரெட் டி. டெய்லரைச் சொல்வேன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா சொன்ன குடும்பக் கதைகளிலிருந்து ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ என்ற சிறுவர் நாவலை 1976இல் எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பெரிய சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி அதற்குக் கிடைத்தது. 1930களில் நடக்கும் கதை. ஒன்பது வயது கேஸியின் கறுப்பினப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாகப் புத்தகங்கள் வருகின்றன. கிழிந்து அழுக்கேறிய புத்தகங்கள். அட்டைக்குள் ஒரு பட்டியல்: இதுவரை யார் யார் கையில் இருந்தது, அப்போது புத்தகம் எந்த நிலையில் இருந்தது, வாங்கிய மாணவரின் இனம் என்ன. வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்தி முடித்து, ‘மிக மோசம்’ என்ற நிலைக்கு வந்தபிறகே கறுப்பினப் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேஸியின் ஆறு வயதுத் தம்பி அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். ஒரு வகுப்பறை, ஒரு பட்டியல், ஒரு குழந்தையின் கோபம், அவ்வளவுதான். நிறவெறி என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எந்தப் பிள்ளையும் பயந்து ஓடவுமில்லை.

நம்மிடம் இதற்கு ஈடான காட்சி இல்லையா? பாபாசாகேபே எழுதி வைத்திருக்கிறார். 1901இல், ஒன்பது வயதில், அண்ணனோடும் உறவுப் பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்க கோரேகாவுக்கு ரயிலில் போகிறார். நல்ல உடை, புதுத் தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் ஒதுங்கிப்போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரண்டு மடங்கு கூலி, அதுவும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதைவிட நல்ல சிறுவர் கதை எந்த மொழியில் இருக்கிறது? நாமோ அம்பேத்கரைப் பிள்ளைகளுக்குச் சிலையாகவும் நீலக் கோட்டாகவும் கண்ணாடியாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வண்டி ஓட்டத் தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனைக் கொடுக்கவில்லை.

தமிழில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த உதயசங்கர், கீழடியை வைத்து ‘ஆதனின் பொம்மை’ எழுதி 2023இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கினார். பானை ஓட்டில் கீறப்பட்டிருந்த ஆதன் என்ற பெயர் ஒரு பிள்ளையின் பெயராகி, இன்றைய பிள்ளைகளோடு பேச வந்தது. விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்று ஒரு சின்னக் கதையைச் சாதிக் கயிற்றைப் பற்றியே எழுதியிருக்கிறார். 2025இல் அவருக்கும் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்காக அதே விருது கிடைத்தது. இருவரையும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் கீழடிக்கும் கலர் கயிற்றுக்கும் நடுவில் இரண்டாயிரம் ஆண்டு காலியாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் குதிரை மீது வாளோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

எங்கள் மண்ணிலேயே அதற்கான சரக்கு இருக்கிறது. சின்னமலையின் படையில் பொல்லான் என்ற அருந்ததியர் இருந்தார் என்பதும், கம்பெனிப் படையின் நடமாட்டத்தைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார் என்பதும் இந்தப் பக்கத்து மக்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அவரை நினைவுகூரும் உரிமைக்காகவே அருந்ததியர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. நாமும் பொல்லானைக் குதிரையில் ஏற்றி, கையில் வாள் கொடுத்து, ‘எங்களுக்கும் ஒரு தளபதி’ என்று பேனர் அடிக்கிறோம். பேனருக்கு பேனர் பதில் சொன்னால் ஆண்ட பரம்பரைக் கணக்கில் நாமும் ஒரு பங்கு கேட்டு நிற்பதாகத்தான் ஆகும். நான் படிக்க விரும்புவது செருப்புத் தைத்த கையைப் பற்றிய கதை. அந்த ஓலையோ காகிதமோ எந்த அடுக்குத் தோலுக்கு நடுவே போனது, தையல் எப்படி விழுந்தது, சாவடியில் சோதனை போட்டவன் அந்தச் செருப்பைத் தொட மறுத்திருப்பானா? தீட்டு என்ற மடமையையே கேடயமாக்கி ஒரு பையன் கோட்டையைத் தாண்டிப் போகிறான் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

தரவு இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1792இல் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்ட பதிவுகள் இருக்கின்றன. சின்னமலை தூக்கிலிடப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரான்சிஸ் புக்கானன் பவானி, ஈரோடு, காங்கேயம் வழியாகப் போய், என்ன பயிர், என்ன நெசவு, யாருக்கு என்ன கூலி என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நிலத்தை அளந்தபோது யார் பெயர் பதிவேட்டில் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை? அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பையன் யார் வீட்டுப் பையன்? அதில் ஒரு நாவல் இருக்கிறது. சுபத்ரா இருந்திருந்தால் அந்தப் பையன் மதியத்துக்கு என்ன சாப்பிட்டான் என்பதிலிருந்து தொடங்கியிருப்பார். ராகிக்களியா, சோளக்கூழா, தொட்டுக்கொள்ள மிளகாய் வாங்க முடிந்ததா என்று.

1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலத்தில்தான். எண்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் துண்டறிக்கை, கூட்டம், நாடகம், சினிமா என்று எல்லாவற்றையும் சாதிக்கு எதிராகப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் நாம். ஆனால் சேலம் புத்தகத் திருவிழாவுக்குப் போய் நம் தோழர்களின் அரங்குகளில் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று தேடினால், பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கிய 30 பக்க நூல் கிடைக்கும். பிறந்தார், படித்தார், போராடினார், மறைந்தார். அதைப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்வார்கள். பரிசும் வாங்குவார்கள். இரவு பாயில் படுத்துக்கொண்டு படிக்க மாட்டார்கள். சிறுவர் கதை எழுதுவதை இரண்டாந்தர வேலையாக நினைக்கும் மனநிலை நம்மிடமும் இருக்கிறது. எழுதத் தெரிந்த தோழர் கட்டுரை எழுதுவார், கவிதை எழுதுவார், நாவல் எழுதுவார். பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னால் சிரிப்பார். சுபத்ரா அந்த ஒரே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தார்.

செருப்புத் தைக்கிற பையன் கதையை மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் வாய்வழியாகக் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். வாசல் கேள்வி கேட்ட அதே பெண் இந்த முறை பெயரில் பிடித்தாள். பையனுக்கு நல்ல பேர் வைக்கச் சொன்னாள். அந்தக் காலத்தில் நம்மாட்களை நல்ல பெயர் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், குப்பன், மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், பொல்லான் என்ற பெயரையே பார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “அது அவிங்க கூப்புடற பேருங்க்கா. அவங்கம்மா என்ன சொல்லிக் கூப்புடுவாங்க?” என்றாள்.

நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. இரண்டு பேர் மாரி என்கிறார்கள், ஒருவன் தன் பெயரையே வைக்கச் சொல்கிறான்.